பதினேழாம் எண் வீட்டில் ஆள் இல்லை

திங்கட்கிழமை காலை எட்டே கால் மணிக்கு, தெய்வசிகாமணி உப்புமாவுக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது, அவர் வீட்டில் அவர் இல்லை என்று சொல்வதற்குப் போலீஸ் வந்தது.

போலீஸ் என்றதும் பெரிய படை என்று நினைத்துவிட வேண்டாம். தெருமுனைக் காவல் சாவடியில் இருக்கும் இந்திராணி ஒருத்திதான். முப்பது வயது, வெடுக்கென்ற நடை, கையில் ஒரு டேப் கணினி. கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். அவர் கரண்டியும் கையுமாக வந்து நின்றார். அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு டேப்பைப் பார்த்தாள்.

"ஐயா, இந்த வீட்டுல யாரும் இல்லீங்க."

"நான் இருக்கறனுங்களே, அம்மிணி."

"அதானுங்க இப்பப் பிரச்சினை."

"உள்ள வந்து உக்காந்து சொல்லுங்க."

"ஆளில்லாத வீட்டுக்குள்ள நான் வரக் கூடாதுங்க. அதுக்குத் தனியா உத்தரவு வாங்கோணும்."

ஆகவே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவருமாக நின்றே பேசினார்கள். இந்திராணி டேப்பைத் தள்ளித் தள்ளிப் படித்தாள்.

"பதினேழாம் நம்பரு வீடு. பூங்கோதையக்கா வீடுன்னுதான் தெருவே சொல்லுது. அக்கா பெங்களூரு போயி இருநூத்திப் பதினாலு நாளாச்சு."

"மகளுக்குப் பிரசவமுங்க. அதுக்குப் போனவ பேத்தியப் பாத்துக்கிட்டு அங்கயே இருக்கறா. நான் அவ வீட்டுக்காரன்."

"அப்படி ஒருத்தரு இருக்காருன்னு இந்தத் தெருவுல யாரும் சொல்லலீங்களே. நாப்பத்தியொரு வீடு. இருநூத்திப் பதினாலு நாளு. உங்களப் பத்தி ஒரே ஒரு வார்த்தைகூட இல்லீங்க."

தெய்வசிகாமணியோ இருபத்திரண்டு வருடமாக அதே தெருவில் இருக்கிறவர். அடையாள அட்டையை எடுத்து வரட்டுமா என்று கேட்டார்.

"அட்டை இருந்தா, ஆளு எப்பவோ இருந்தாருன்னு அர்த்தம். இப்ப இருக்காருன்னு அக்கம்பக்கம்தான் சொல்லோணும். திட்டமே அதுதானுங்களே. ஆனா இந்த வீட்டுல கரண்டு ஓடுது, தண்ணி ஓடுது. ஆளில்லாத வீட்டுல ஒரு ஆளு இருந்தா, சட்டப்படி அது அத்துமீறி நுழைஞ்சதுங்க."

"என் வீட்டுக்குள்ளயா?"

"அது உங்க வீடுன்னு யாராவது சொன்னாப் போதுங்க. ரெண்டு பேரு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்குள்ள. அவங்களாத் தோணிச் சொல்லோணும். நீங்க கேட்டு வாங்கக் கூடாது. இப்படி நோட்டீசு வந்திருக்குன்னு தெருவுல யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. விட்டா சாட்சியக் கலைச்சதா ஆயிரும். உங்க மேலயும் கேசு, கேட்டவங்க மேலயும் கேசு."

"யாரும் சொல்லலைன்னா?"

"வீட்டப் பூட்டி சீல் வெப்பமுங்க. உங்களக் கூட்டிட்டுப் போவமுங்க. என்ன பேருன்னு எழுதறதுன்னுதான் எனக்கும் தெரியல." இந்திராணி மூக்கை உறிஞ்சினாள். "கடுகு கருகுதுங்க. நான் ஒண்ணும் வாசம் புடிக்கல, ஆளில்லாத வீடு பாருங்க. ஆனாலும் கருகுது."

இங்கே ஊர்ச்செவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கூத்து புரியாது.

ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு கேமரா மாட்டி வைத்திருந்தார்கள். குடியிருப்புத் தெருக்களில் கேமரா கூடாது என்று நீதிமன்றம் ஒரே போடாகப் போட்டது. கண் போனால் என்ன, காது இருக்கிறதே என்று காவல்துறை தெருவுக்கு ஒரு கம்பம் நட்டு, அதில் ஊர்ச்செவி என்ற பெட்டியை மாட்டியது. 'தெருவைத் தெருவே காக்கும்' என்று கம்பத்தில் எழுதியிருக்கும். மாலை நேரத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பொத்தானை அழுத்திக்கொண்டு, அன்றைக்குக் கண்டதைச் சொல்லலாம். பொத்தானை அழுத்தினால்தான் அது கேட்கும். பேர் கேட்காது. குரலை வைத்து ஒரு நம்பர் கொடுத்துவிடும், அவ்வளவுதான். எல்லோரும் சொல்வதைச் சேர்த்து, தெருவில் யார் இருக்கிறார்கள், எப்போது வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று அதுவாக ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும். கணக்கில் ஏதாவது இடித்தால் சாவடிக்குச் சொல்லும். மக்கள் பேச்சுதான் அதற்குப் பார்வை.

சூலூர்ப் பக்கம் இருக்கும் இந்த ஜவுளி நகரில் அந்தக் கம்பம் நின்றது சரியாகப் பதினேழாம் எண் வீட்டு வாசலில். தெரு ஜனங்கள் போகிறபோக்கில் இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போவார்கள். மாடு புகுந்தது, தெருவிளக்கு எரியவில்லை, புதிதாக ஒரு பழவண்டிக்காரர் வந்தார் என்ற மட்டில்.

தெய்வசிகாமணியின் கதை வேறு. அவர் ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவர். அந்த இரைச்சலில் பேசினால் யார் காதிலும் விழாது, எல்லாமே கைஜாடைதான். வீட்டுக்கு வந்தால் பூங்கோதை பேசுவாள். இரண்டு இடத்திலும் அவர் வாய்க்கு வேலை இல்லை. பூங்கோதை பெங்களூருக்கு ரயில் ஏறிய அன்று மாலை, வேறு சோலி இல்லாமல் கம்பத்தருகே போய்ப் பொத்தானை அழுத்தினார்.

"இன்று என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டது பெட்டி.

அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாக ஒருவர் அவரை அப்படிக் கேட்டார். மனிதர் மடை திறந்துவிட்டார். அன்றைக்கு முப்பத்தெட்டு நிமிடம் பேசினார். மறுநாள் உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுபோனார். அதற்கு மறுநாள் முதல் தெருவில் யாரும் ஆறு மணிக்குப் பெட்டிப் பக்கம் வருவதில்லை, அது அவருடைய நேரம் என்று விட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் பெட்டி நனையக் கூடாதென்று பாலிதீன் உறை தைத்துப் போட்டார். பெட்டியோ அவர் மேல் ஒரு மனிதனுக்கு மேலாகவே மரியாதை வைத்திருந்தது. 'சிறந்த தகவலாளர்: எண் ஒன்பது' என்று காவல்துறை அனுப்பிய சான்றிதழைச் சட்டம் போட்டு, கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அதில் அவர் பெயர் எங்கேயும் கிடையாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். யாரைப் பற்றியும் அவர் பொல்லாப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதிர்வீட்டு நாச்சிமுத்துவின் மகன் கவின் எவ்வளவு உழைப்பாளி, பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் எவ்வளவு தாராளம் என்று, வீட்டுக்கு விருந்து வந்த ஒறம்பரையிடம் ஊர்ப்பெருமை பேசுவதுபோல்தான் பேசினார்.

அன்று மத்தியானம் பூங்கோதைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் தெருவில் இல்லாதவள், அவளிடம் சொன்னால் கேசு இல்லை.

"ஏனுங்க, அந்தத் தெருவுல இருவத்திரண்டு வருசமா நான்தான பேசிட்டிருந்தேன். நீங்க பையத் தூக்கிட்டுப் பின்னால வந்தீங்க," என்றாள் பூங்கோதை. அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. "யாராச்சும் உங்க மேல ஒரு குத்தம் சொல்ற மாதிரி நடந்துக்கங்க. நல்லவனப் பத்தி எவன் பேசுவான்? கெட்டவனப் பத்தித்தான் ஊரு பேசும். நாளைக்கே ஏதாச்சும் ஒரு அழிச்சாட்டியம் பண்ணுங்க."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு அழிச்சாட்டியம் பண்ணத் தெரியாது என்பதுதான் குறை.

செவ்வாய்க்கிழமை காலை, பட்டப்பகலில், பழனாத்தாள் வீட்டுச் சுற்றுச்சுவர் மேல் கையைப் போட்டு, கறிவேப்பிலை மரத்தில் ஒரு கிளையையே முறித்தார். சத்தம் கேட்டுப் பழனாத்தாள் வெளியே வந்தாள். மாவு மில் வைத்திருப்பவள், ஐம்பத்தைந்து வயது, குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். இன்றைக்கு நம் மானம் கப்பலேறப் போகிறது என்று தெய்வசிகாமணி சந்தோஷமாகக் காத்திருந்தார்.

"அது முத்தல் இலைங்ணா. இருங்க, கொழுந்தாப் பறிச்சுத் தாரேன்," என்று அவள் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினாள்.

புதன்கிழமை தன் மொபெட்டை நாச்சிமுத்து வீட்டு கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திப் பூட்டிவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து காரை எடுக்க வந்தார். மொபெட்டைப் பார்த்தார். பதினேழாம் எண் வீட்டைப் பார்த்தார். காரை அப்படியே விட்டுவிட்டு, பஸ் ஏறப் பொடிநடையாக நடந்து போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர், மொபெட் வெயிலில் காய்கிறதே என்று ஒரு சாக்கை நனைத்துச் சீட்டின் மேல் போட்டார்.

வியாழக்கிழமை ரேடியோவை வாசலில் வைத்து, காது கிழியும்படி அலறவிட்டார். பெட்டியிடம் பேசாத நேரத்தில் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவை மூன்று சுற்றுச் சுற்றினார். எதிரே வந்தவர்கள் எல்லாம் "நல்லாருக்கீங்களாங்ணா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் ரேடியோ ரிப்பேரா என்று விசாரித்தார். ஒரு தெரு மொத்தமும் இப்படி மரியாதை தெரிந்ததாக இருந்தால் ஒரு மனிதன் எப்படித்தான் பிழைப்பது?

வெள்ளிக்கிழமை அவருக்குப் பொறுக்கவில்லை. சாவடிக்கே போய்விட்டார். இந்திராணி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அம்மிணி, யாரும் பேசலைங்கிறது சரி. ஆளே இல்லைன்னு எப்படி முடிவு கட்டினாங்க?"

"பேசலைங்கறதுக்காக மட்டும் முடிவு கட்ட மாட்டாங்கையா. ஒருத்தரு உறுதியாச் சொல்லியிருக்காரு." டேப்பை எடுத்துப் படித்தாள். "'அவ போனதுக்கப்புறம் பதினேழாம் நம்பரு வீட்டுல ஆளே இல்லீங்க. வெறிச்சுனு கெடக்குது.' இதுவும் ஒரு தடவை இல்லீங்க, நாப்பது தடவைக்கு மேல சொல்லியிருக்காரு. ரொம்ப நம்பிக்கையான ஆளு. தப்பே சொல்ல மாட்டாரு. தகவலாளர் ஒன்பது."

தெய்வசிகாமணி மேசைப் பக்கம் குனிந்தார்.

"அம்மிணி, அந்த ஒன்பது..."

இந்திராணி கையில் இருந்த ஸ்பூனைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சொல்லாதீங்க. சாமி சத்தியமா சொல்லாதீங்க. தகவலாளர் யாருன்னு எனக்குத் தெரிஞ்சா அந்த நம்பரையே அழிச்சுருவாங்க. அவரு சொன்னது பொய்யின்னா அது வேற கேசு. ஏற்கெனவே உங்க மேல ஒரு கேசு, பேரில்லாம நிக்குது. இன்னொண்ண எங்க எழுதறது?"

அவர் வெளியே வந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. தன் வாயாலேயே தன்னை வீட்டைவிட்டு வெளியேற்றிய ஆள் இந்த மாவட்டத்தில் வேறு எவனாவது இருப்பானா என்று யோசித்துக்கொண்டே நடந்தார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் பார்க்கத் தெருவில் ஆள் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை நாச்சிமுத்து வீட்டு வாசலில் போய் நின்றார். நாச்சிமுத்து வேலம்பட்டிப் பள்ளியில் கணக்கு வாத்தியார். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், வாங்க என்று நாற்காலி போட்டார்.

"வாத்தியாரே, ஒதவி கீதவி ஒண்ணும் கேக்க வரல. ஒரே ஒரு சந்தேகம். கேட்டுக்குக் குறுக்க வண்டிய நிறுத்தினேன். உங்களுக்குக் கோவமே வரலீங்களா?"

"வந்துதுங்க."

"பொறவு ஏன் ஒண்ணும் சொல்லல?"

நாச்சிமுத்து குழாயை மூடினார். கையைத் துண்டில் துடைத்தார். மரியாதைக்காரர்கள் மனம் திறப்பதற்கு முன்னால் கையைத்தான் துடைப்பார்கள்.

"கவினு வேலைக்குப் போகாம ஏன் வீட்டுல இருக்கறான்னு நீங்க கேட்டதே இல்லீங்களே," என்றார்.

"ஏன், லீவுல இருக்கறானாக்கும்னு நெனச்சேன்."

"விமான நிலையத்துல வேலை கெடைச்சுது. போலீசு நன்னடத்தைச் சான்று கேட்டாங்க. பதினோரு மணிக்கு மேல பெரிய பையோட போறான், வெடியக் காத்தால வாரான், இப்படி அறுவது நாளுன்னு செவியில இருக்குதாம். சான்று நிறுத்தி வெச்சுட்டாங்க. பழனாத்தா தெருவுக்கெல்லாம் கறிவேப்பிலை குடுக்கறான்னு யாரோ சொல்லியிருக்காங்க. லைசென்சு இல்லாம காய்கறி வியாபாரமான்னு ஆளு வந்து மரத்த அளந்துட்டுப் போனான்."

தெய்வசிகாமணிதான் சொன்னார். 'பையன் ராத்திரி பதினோரு மணிக்குக்கூடப் பையத் தூக்கிட்டு வேலைக்குப் போறான், அந்த மாதிரி உழைக்கிற பையனப் பாக்க முடியாது' என்று வாய் நிறையச் சொன்னார். உழைப்பைப் பெட்டி விட்டுவிட்டது. பதினோரு மணியையும் பையையும் மட்டும் எடுத்துக்கொண்டது.

"நான்தான்னு... உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"நம்பருதானுங்ணா ரகசியம். ஸ்டூல் ரகசியமில்லீங்களே."

"அன்னிக்கே வந்து என் சட்டையப் புடிச்சுக் கேட்டிருக்கலாமே."

"கேக்கலாம்னுதான் கெளம்பினேன். நீங்க ஸ்டூல்ல உக்காந்து அதுகிட்டச் சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க. பூங்கோதையக்கா போனதுக்கப்புறம் நீங்க சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன். எப்படிங்க சொல்றது? திரும்பி வந்துட்டேன். பொறவு தெருவுல எல்லாருமாப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். நம்மளப் பத்திச் சொல்லி நமக்கு என்ன வெனை வந்துதுன்னு பாத்துட்டோம். அந்த வெனை அண்ணனுக்கு வரக் கூடாது. அவரப் பத்தி அதுகிட்ட ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு." நாச்சிமுத்து குழாயைத் திறந்தார். "போச்சாது விடுங்க. காப்பி சாப்புடறீங்களா?"

காப்பி வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார். நாலு எட்டில் தாண்டிவிடக்கூடிய தெரு, அன்றைக்கு முடிவதாகவே இல்லை. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று ஐந்து நாளாக அவர் நொந்துபோயிருந்தார். நாற்பது வீடும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் வாயால் கெட்டும், வாயைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தக் காவலால்தான் நாளைக்கு அவர் வீடு பூட்டப்படப் போகிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் கேட்டவர்மேலும் கேசு. இன்னொரு தடவை தன் வாயால் அந்த வீட்டுக்குக் கேடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். அன்று மாலை ஆறு மணிக்கு, இத்தனை மாதத்தில் முதல்முறையாக, ஸ்டூல் வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலுக்கு இந்திராணி பூட்டும் அரக்கும் மெழுகுவத்தியுமாக வந்து சேர்ந்தாள். தெய்வசிகாமணி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஒரு பையோடு வாசலில் தயாராக நின்றார். பையில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, பேத்தியின் போட்டோ. சான்றிதழை எடுக்கவில்லை.

"ஆறு மணிக்கு முன்னால சீல் வெக்கக் கூடாதுங்க. ஆறுக்கு மேல எனக்கு டூட்டி முடிஞ்சுரும். சரியா ஆறுக்கு வெச்சுரலாங்களா?" என்று கேட்டாள். "வெக்கறதுக்கு முன்னால வாசல்ல நின்னு சத்தமாப் படிக்கோணும். அதுவும் விதியில இருக்குதுங்க."

படித்தாள். "பொது அறிவிப்பு. பதினேழாம் எண் வீட்டில் ஆள் இல்லை. உள்ளே இருப்பவர் உடனே வெளியே வரவும்."

முதலில் வந்தது பழனாத்தாள்.

"எந்த வீட்டுல ஆளு இல்ல?"

இந்திராணி வாய் திறக்கவில்லை. பதில் சொன்னாலும் சாட்சியைத் தூண்டியதாகிவிடும். மறுபடியும் அறிவிப்பையே, இன்னும் கொஞ்சம் சத்தமாக, படித்தாள். கதவுகள் திறந்தன. நாச்சிமுத்து வந்தார். கடைசி வீட்டில் இருந்துகூட ஆள் வந்தார்கள். அரக்கு, பூட்டு, பை, வெள்ளை வேட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இருந்தும் யாரும் ஒன்றும் பேசவில்லை, அண்ணனைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று பேசி வைத்தது அவ்வளவு பலமாக இருந்தது. தெய்வசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். மணி ஐந்து ஐம்பத்து நாலு.

கவின் கூட்டத்தில் இருந்து விலகி வந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கம்பத்துக்குப் போய்ப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"இன்று என்ன பார்த்தீர்கள்?"

"பதினேழுல ஒரு ஆளு இருக்கறாருங்க. தெய்வசிகாமணின்னு பேரு. வாரத்துக்கு நாலு நாளு உப்புமா. நாலு நாளும் கடுகு கருகும்."

பழனாத்தாளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "மூணு நாளு கருகும். ஒரு நாளு நான் இட்லி குடுத்தனுப்பறேன்ல?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. பனியனைத் தலைகீழாகக் காயப்போடுகிறவர் என்றார் ஒருவர். போனில் பேத்திக்கு ரயில் மாதிரிக் கத்திக் காட்டுவார், அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டு நாய் ஸ்டேஷனுக்குப் போகணும்னு அடம்பிடிக்குது என்றார் இன்னொருவர். என் வீட்டு கேட் கீல் சத்தம் போடாமல் இருப்பது இவர் காலங்காத்தால எண்ணெய் விடுவதால்தான் என்றார் நாச்சிமுத்து. உங்க வீட்டுக்கா, முதல்ல எங்க வீட்டு கேட்டுக்குத்தான் விட்டார் என்று மூன்றாம் எண் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். நாற்பது கேட்டுக்கும் விட்டது அப்போதுதான் தெரியவந்தது. மாவு மில் பெல்ட்டை மாற்றிவிட்டு, கூலி கேட்காமல், சொல்லிக்கொள்ளாமல்கூடப் போன மனுசன் என்று பழனாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினாள். கவின் விரலை எடுக்கவே இல்லை.

ஆறு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது பெட்டி இடைமறித்தது.

"பதினேழாம் எண் வீடு. குடியிருப்பவர்: ஒருவர். நூற்று ஆறு குறிப்புகள். அத்துமீறல் புகார் நீக்கப்படுகிறது." பிறகு தொடர்ந்தது. "இத்தெருவில் மிக அதிகமாகப் பேசப்படுபவர் இவர். காரணம் தெரியவில்லை. ஆகவே சந்தேகத்துக்குரியவர்."

இந்திராணி டேப்பைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "ஐயா, நூத்தியெம்பது நாளுக்கு நான் தெனமும் உங்க வீட்டுக்கு வந்து பத்து நிமிசம் உக்காந்து விசாரிக்கோணுமாங்க."

"உள்ள வரலாமுங்களா? உத்தரவு வேண்டாமா?"

"இப்பத்தான் ஆளு இருக்கறாருங்களே."

அரக்கையும் பூட்டையும் வாசலிலேயே வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். சந்தேகத்துக்குரிய ஆளின் வீடு எப்படி இருக்கும் என்று பார்க்கத் தெருவும் பின்னாலேயே போனது. பழனாத்தாள் நேராக அடுப்படியில் நுழைந்து, தாளிக்கிற கரண்டியைத் தன் வசம் எடுத்துக்கொண்டாள்.

கவின் மட்டும் கம்பத்தருகே நின்று கட்டைவிரலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான். தெய்வசிகாமணி அவனிடம் போனார்.

"கண்ணு, உன்ன நல்ல பையன்னுதான் நான் சொன்னேன்."

"தெரியுமுங்க மாமா. அப்பா சொன்னாரு."

"உன் சான்று..."

"மறுபடியும் மனு போட்டிருக்கறேன். ஆறு மாசமாகுமாம். அதுவரைக்கும் பழைய எடத்துலயே மறுபடியும் ராத்திரி வேலைக்குப் போகப்போறேன்." அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "சர்க்கரை இருக்குதுங்களா மாமா? இல்லாட்டி வாங்கிட்டு வாரேன்."

அவன் அவருடைய மொபெட்டை எடுத்துக்கொண்டு, தலைக்கவசம் இல்லாமல், ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் கடைக்குப் பறந்தான். தெய்வசிகாமணி பார்த்தார். ஜன்னலுக்குள் இந்திராணி சீருடையோடு சப்பணமிட்டு உட்கார்ந்து, அடுத்த வீட்டு மரத்துக் கறிவேப்பிலையை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதையும் பார்த்தார். கை பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது. "நான்தானுங்க," என்றார்.

"தகவலாளர் ஒன்பது," என்றது பெட்டி. "இன்று என்ன பார்த்தீர்கள்?"

"ஒண்ணும் பாக்கலீங்க."

"உங்கள் வழக்கமான நேரம் முப்பத்தெட்டு நிமிடம். இன்று மூன்று விநாடி. உடல்நலம் சரியில்லையா?"

உள்ளே இருந்து பழனாத்தாள், கடுகு எங்கே என்று கேட்டுத் தெருவே அதிரும்படி கூப்பிட்டாள்.

"நல்லாருக்கறனுங்க," என்றார் தெய்வசிகாமணி. "வீட்டுல ஆளு இருக்காங்க. வரட்டுங்களா?"